நாலாம் நம்பர் மெஷினின் முதல் பக்கம்

1. வெள்ளைத் திரை

பிரௌசிங் சென்டர் திறந்த அன்று முதல் ஆளாக உள்ளே வந்தவர் ஒரு பூக்கடைக்காரர். பையனுக்கு பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்தார். மெஷின் முன்னால் உட்கார வைத்தேன். பிரௌசரைத் திறந்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை வெள்ளையாக இருந்தது.

“இன்னாபா, ஒண்ணுமே வர்ல? பையன் பெயிலா?” என்றார்.

பையன் பாஸ்தான். நான் இன்னும் அட்ரஸே அடிக்கவில்லை. அவருக்கு அது தெரியாது. வெள்ளையாக இருந்தது, அதைப் படித்துவிட்டார். சிரித்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிய பல வருஷம் ஆனது.

நான் எட்டாவது வரை படித்தவன். பெயர் ஏகாம்பரம். தொண்ணூறுகளில் திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் தாமோதரன் அண்ணனின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் வந்தது. பூத் படுத்துவிட்டது. அண்ணன் பூத்துக் கண்ணாடியைக் கழற்றி விற்றுவிட்டு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். “நீயே பாத்துக்கோடா” என்றார். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. பார்த்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் வெப் பக்கம் போடுகிற வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பக்கம்தான்.

2. கட்டம்

வந்தவர்களில் பாதிப் பேர் பூக்கடைக்காரரைப் போலவே உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் நான் போய்க் காட்டுவேன். கூப்பிட மாட்டார்கள். கூச்சம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஒருநாள் ரைட் கிளிக் செய்து ‘வியூ சோர்ஸ்’ காட்டினான். ஒரு பக்கத்துக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரியும். அதை நோட்பேடில் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்தேன். கெட்டுப்போகும். மறுபடி போடுவேன். அப்படித்தான் கற்றேன்.

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. ஒன்பது கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே தமிழில் ஒரு சொல். ரிசல்ட், ரயில், பஸ், வேலை, பட்டா, ஜாதகம், மெயில், சாட், ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்குப் பேப்பர். பிரௌசரைத் திறந்தால் இதுதான் வரும்.

தாமோதரன் அண்ணன் பார்த்தார். “இன்னாடா இது, பரமபதமா? பாம்பு எங்க?” என்றார்.

“கரண்ட் போனா பாம்புண்ணா” என்றேன்.

வேலை செய்தது. ஆட்கள் எழுந்து போவது நின்றது. படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படத்தைத் தொட்டார்கள். சாட்டுக்கு இரண்டு மனிதத் தலை போட்டிருந்தேன். அதை ‘ரெட்டைத் தலை’ என்றார்கள்.

அழகுக்காக ஒருமுறை மெயிலையும் ஜாதகத்தையும் இடம் மாற்றினேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி ஆர்டர் மெயில் பார்க்க வருகிற தறிக்காரர் ஒருவர் கத்தினார்.

“டேய் ஏகா, ஆர்டர் வரும்னு அமுக்குனா குரு பெயர்ச்சி வருது. எனக்கு அஷ்டமத்துல சனின்னு போட்டிருக்கான். அத பாக்கவா பஸ் ஏறி வந்தேன்?”

அவர் படத்தைப் பார்ப்பதே இல்லை. கை இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். அன்றே பழையபடி வைத்தேன். அதற்கப்புறம் எதையும் நகர்த்தவில்லை.

3. சாமி

“ஊரு திருத்தணி. மேல சாமி வைக்காம பக்கம் போட்டிருக்கியே” என்றார் அண்ணன். கட்டங்களுக்கு மேலே முருகன் படம் வைத்தேன்.

ஒரு வாரத்தில் எல்லா மெஷினும் திணற ஆரம்பித்தது. பார்த்தால் ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பக்கங்கள் திறந்தபடி கிடந்தன. ஆட்கள் மூடுவதே இல்லை. ஆர்.கே.பேட்டை வாத்தியார் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“சார், முடிஞ்சா க்ளோஸ் பண்ணிடுங்க.”

“எப்பிடிப்பா? மேல பெருக்கல் குறி இருக்குது. அத அமுக்குனா சாமி போய்டறாரு. சாமிய பெருக்கல் குறி போட்டு அனுப்புவாங்களா?”

சாமியை எடுத்துவிடலாம் என்றேன். அண்ணன் முறைத்தார். கீழே ஒரு பட்டன் வைத்தேன். ‘போய் வரேன்’ என்று எழுதினேன். அதை அமுக்கினால் பக்கம் மூடிக்கொள்ளும். எல்லாரும் அமுக்கினார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அமுக்கினார்கள். சிக்கல் தீர்ந்தது.

பிறகு பிரௌசரில் டேப் வந்தது. புது டேப் திறந்தால் மறுபடி வெள்ளை. செட்டிங்கில் ஒரு டிக் போட்டால் அங்கேயும் முதல் பக்கமே வரும். ஆறு மெஷினிலும் போட்டேன். எங்கே திறந்தாலும் சாமியும் ஒன்பது கட்டமும். கடையில் வெள்ளைத் திரை என்பதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

4. கன்னியம்மா

கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்கிறவர் கன்னியம்மா. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள் சுமதி. சுமதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போவதற்கு முந்தின வாரம் அம்மாவைக் கடைக்குக் கூட்டிவந்தாள்.

“அண்ணா, அங்க போன் வெச்சிக்க விடமாட்டாங்களாம். அம்மாவுக்கு இத கத்துக்குடுங்க” என்றாள்.

ஓரமாக இருந்த நாலாம் நம்பர் மெஷினில் சாட் கணக்கு போட்டேன். பாஸ்வேர்டை மெஷினே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். ரெட்டைத் தலையைத் தொட்டால் போதும். மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டில் எல்லாரும் வெளியே போவார்கள். வீட்டுப் பெரிய பெண் மட்டும் இருப்பாள். அவள் நல்லவள், தன் கம்ப்யூட்டரைக் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்கு கன்னியம்மா டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார். முதல் இரண்டு வாரம் கூட நின்றேன். அப்புறம் நான் தேவைப்படவில்லை. நேராக நாலாம் நம்பருக்குப் போவார். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ரெட்டைத் தலை.

கடைக்கே கேட்கும்.

“இன்னாடி இப்பிடி இளைச்சிட்ட?”

“கேமரா அப்பிடிக் காட்டுதும்மா.”

“கேமராவா? கன்னம் எங்கடி? துன்றியா இல்லியா?”

“துன்னுகினுதாம்மா இருக்கேன். கத்தாத.”

“இங்க பாரு, மல்லாட்ட. இந்த வாட்டி நல்லா வெளஞ்சிருக்குது.” மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடிப்பார். மகள் அந்தப் பக்கம் வாயைத் திறந்து காட்டுவாள்.

“ஏம்மா, நீ கத்துறது குவைத்துக்கு நேராவே கேக்குது. மெஷினு எதுக்கு?” என்பார் தாமோதரன் அண்ணன்.

“உனுக்கு இன்னா நைனா, புள்ளைங்கள பக்கத்துல வெச்சிகினு பேசற” என்பார் கன்னியம்மா.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு மகள் பேச்சு குறைந்தது. கன்னியம்மா மட்டும் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் பக்கத்து மெஷினில் கேபிள் மாட்டிக்கொண்டிருந்தேன். சுமதி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அம்மா, அடுத்த வெள்ளி கட்டாயம் வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இப்பவே சொல்லேன்டி.”

“இப்ப ஆள் இருக்குது.”

“அடுத்த வெள்ளி ஆடிக் கிருத்திகைடி. காவடி நேர்ந்துகினு இருக்கேன். மலைக்குப் போவணுமே.”

“நீ வாம்மா.”

அதோடு புள்ளி அணைந்துவிட்டது. கன்னியம்மா என்னைப் பார்த்தார். “இன்னாவா இருக்கும் நைனா?” என்றார்.

“லீவுல வருதோ இன்னாவோ” என்றேன்.

5. கிருத்திகை

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் அண்ணன் மலையடிவாரத்தில் பந்தல் போட்டு, காவடியோடு போட்டோ எடுத்து உடனே பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். முந்தின நாள் என்னை போட்டோ பேப்பர் வாங்க அரக்கோணம் அனுப்பினார். நான் இல்லாதபோது மெஷின்கள் வைரஸில் மாட்டிக்கொண்டன. அண்ணன் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஆறையும் ஃபார்மட் அடித்து, இருந்ததையெல்லாம் அழித்து, புதிதாக வந்திருந்த ஒரு பிரௌசரைப் போட்டுவிட்டுப் போனார். வேகமாக இருக்கும் என்றாராம். வேகமாகத்தான் இருந்தது.

இது எனக்குத் தெரியாது. காலையில் நேராகப் பந்தலுக்குப் போனேன். கூட்டத்தில் தண்ணீர் குடிக்க நேரமில்லை. மதியம் கன்னியம்மா ஞாபகம் வந்தது. அவருக்கு நான் வேண்டியதில்லை, பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பொழுது சாயும்போது பேப்பர் தீர்ந்து கடைக்கு வந்தேன். கடை நிறைய ஆள். அண்ணன் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பரில் கன்னியம்மா மஞ்சள் புடவையோடு உட்கார்ந்திருந்தார். கையைக் கூப்பி மடியில் வைத்திருந்தார்.

“அக்கா, பேசிட்டீங்களா?”

“இன்னும் நடை தொறக்கலப்பா.”

“இன்னா நடை?”

திரையைக் காட்டினார். நான் அன்றுதான் அந்தப் புது பிரௌசரைப் பார்க்கிறேன். புது டேப்பில் ஒன்பது கட்டம் இருந்தது. அடிக்கடி போகிற பக்கங்களை அதுவே எடுத்து அதில் போட்டுக்கொள்ளுமாம். ஃபார்மட் செய்த மெஷின், அதில் இன்னும் யாரும் எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. அதனால் ஒன்பதும் காலி. ஒன்பது சாம்பல் நிறக் கட்டம். மேலே சாமி இல்லை.

“இன்னிக்கு கிருத்திகைல்ல. சாமி மலைக்குப் போய்ட்டாரு. அதான் எல்லாக் கதவும் சாத்திக்கீது. வந்துடுவாரு. நான் குந்திகினு கீறேன்” என்றார்.

“எப்பலருந்து?”

“பஸ்ஸே வுடல. கண்டிகைலருந்து நடந்தே வந்துட்டேன். கரெக்ட் டயத்துக்கு வந்துட்டேன்.”

“அண்ணன ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாக்கா?”

“சாத்துன நடைய போயி தட்டுவாங்களா நைனா? தொறக்கறப்ப தொறப்பாங்க.”

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. மலைமேல் அப்படித்தான். நடை சாத்தியிருந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் பிறந்ததிலிருந்து அப்படி உட்கார்ந்து பழகியவர்.

அட்ரஸ் அடித்தேன். பாஸ்வேர்ட் போட்டேன். சாட் திறந்தது. சுமதி வந்துபோயிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எடுக்காததால் எழுதியிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் ‘அம்மா’ என்று. கீழே மறுபடி அதே. அதற்கும் கீழே மறுபடி. பச்சைப் புள்ளி இல்லை.

“இன்னா எழுதிக்கீது?”

“அம்மான்னு.”

“அப்புறம்?”

“அம்மா அம்மான்னுதான். கடைசீல, அம்மா இருக்கியான்னு.”

கன்னியம்மா திரைக்குக் கிட்டே குனிந்தார். வெளியே அரோகரா சத்தம் போய்க்கொண்டிருந்தது.

“இங்கதானே இருந்தேன்” என்றார்.

6. பிறகு

அடுத்த வெள்ளி புள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

அனுப்பிய ஏஜெண்டைத் தேடி தாமோதரன் அண்ணனே சென்னைக்குப் போனார். “வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க, அட்ரஸ் வரும்” என்றானாம். அட்ரஸ் வரவில்லை. பிறகு ஏஜெண்டும் அந்த இடத்தில் இல்லை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். மறுபடி கொடுத்தோம். மறுபடி வாங்கிக்கொண்டார்கள். சுமதி என்ன சொல்ல இருந்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கிருத்திகைக்கு மறுநாளே ஆறு மெஷினிலும் பழைய பக்கத்தை வைத்தேன். அதில் ஒன்று மட்டும் சேர்த்தேன். சாமிக்குக் கீழே ஒரு மணி. அமுக்கினால் மெஷின் சத்தமாக மணி அடிக்கும். ‘ஒன்றும் வரவில்லை என்றால் மணியை அடியுங்கள்’ என்று எழுதினேன். அதில் என்ன புண்ணியம். பக்கமே போய்விட்டால் மணியும் சேர்ந்து போய்விடும். அதனால் அட்டையில் எழுதி ஒவ்வொரு மானிட்டர் தலையிலும் ஒட்டினேன். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

அவரிடம் வைரஸ் என்று சொன்னேன். ஃபார்மட் என்று சொன்னேன். சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“உன் மேல தப்பில்ல நைனா. நேர்ந்துகின காவடிய வுட்டுட்டு இங்க வந்து குந்திகினேன். அவரு எங்கூட வருவாரா?”

“அது மெஷினு, அக்கா.”

“மெஷினுதான். நான் இன்னா மெஷின் மேலயா பழி போடறேன்?”

ஒன்பது சாம்பல் கட்டத்தை அவர் படித்துவிட்டார். படித்ததை என்னால் அழிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டே இருந்தார். மடியில் வேர்க்கடலை இருக்கும். ரெட்டைத் தலையைத் தொடுவார். மகள் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேரம் ஆனதும் எழுந்து போவார். எல்லாரும் அமுக்குகிற ‘போய் வரேன்’ பட்டனை அவர் மட்டும் அமுக்குவதில்லை. “தொறந்தே இருக்கட்டும். பொண்ணு வந்தா பாக்கும்” என்பார். அவர் போனபிறகும் நான் மூடமாட்டேன். நாலாம் நம்பரை வெள்ளிக்கிழமை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

பிரௌசர் புதிது புதிதாக வந்தது. ஒவ்வொரு முறையும் என் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தன் பக்கத்தைப் போட்டது. நான் எடுத்துப் போடுவேன். ஒருமுறை போடுவதற்கு முன் நாலாம் நம்பரில் பார்த்தேன். சாட்டைத்தான் அது முதல் கட்டத்தில் வைத்திருந்தது. இங்கே உட்காருகிறவர் எங்கே அதிகம் போகிறார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

7. கடைசி வெள்ளி

ஆட்கள் கையில் நெட் வந்தது. ரிசல்ட்டைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள் மட்டும் மிச்சம். ரீசார்ஜ் கடையாக மாற்றப் போவதாக அண்ணன் சொன்னார். பழைய மெஷின்களை வாங்குகிறவன் வந்த நாள் வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. வண்டி எங்களுக்குச் சௌகரியமான நாளில் கிடைக்கவில்லை.

கன்னியம்மா வரும்போது மேஜை காலியாக இருந்தது. நாலாம் நம்பர் வண்டியில் கவிழ்ந்து கிடந்தது. அட்டை இன்னும் அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நடை சாத்திட்டாங்களா நைனா?” என்றார்.

“ஆங்.”

“எப்ப தொறப்பாங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி அனுப்பு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கலாம். பாவம் என்று பார்த்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த அம்மாள் ஒருமுறை சாத்தின கதவு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

“இனிமே தொறக்க மாட்டாங்கக்கா” என்றேன்.

தலையாட்டினார். மடியை அவிழ்த்து வேர்க்கடலையை மேஜைமேல் கொட்டினார். வண்டியில் இருந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போய் வரேன்னு கூட சொல்லலயே” என்றார்.

அவர் சொல்லாததா, மகள் சொல்லாததா என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறிப் போனார்.

பக்கம் போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காலிப் பக்கம் என்று ஒன்று இல்லை. நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் பார்க்கிறவர் அதில் தன் பயத்தை எழுதிக்கொள்வார். காலியாக இருந்தால் ஏன் காலி என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். திறக்காது என்றால் திறக்காது என்று சொல்லுங்கள்.

நான் சொன்னேன். சொன்னதில் யாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.